பத்தொன்பதாம் பக்கம்

அண்ணா,

இன்று காலை கம்ப்யூட்டர் அறையின் கூரை ஒழுகி என் மேஜையெல்லாம் தண்ணீர். துடைப்பதற்காக மேஜைக் கண்ணாடியைத் தூக்கினேன். அடியில் உங்கள் சீட்டு. ஓரம் நனைந்திருந்தது. அதிலிருந்து டைப்ரைட்டர் ரிப்பன் மையின் வாசனை லேசாகக் கிளம்பியது. உங்கள் சட்டைக் கையிலும் எப்போதும் அந்த வாசனைதான் அடிக்கும்.

உள்ளங்கை அகலச் சீட்டு. ஐந்தே வரி. ஐந்தாவது வரியின் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. உங்கள் மெஷினில் அந்தக் குறிக்குத் தனி விசை கிடையாது. ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, ஒரு இடம் பின்னால் நகர்த்தி, அதன் கீழேயே ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி கொஞ்சம் விலகி விழுந்திருக்கிறது. அவ்வளவு மெனக்கெட்டு அடித்த குறி. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் இந்த பம்ப் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் ப்ரொபேஷன். கொடுமுடிக்காரன், பி.இ. முடித்தவன், கம்பெனி புதிதாக வாங்கிய யுனிக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வந்தவன். ஏசி அறை, நாலு டெர்மினல், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். டைப்பிங் செக்சனை மூடப் போகிறார்கள் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். மூன்று டைப்பிஸ்டுகளில் இரண்டு பேர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் மேனேஜரிடம் போய், "நானும் கத்துக்கறனுங்க சார்" என்றீர்கள்.

மேனேஜர் என்னையும் கூப்பிட்டு, உங்களையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார். "இந்த ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட் நூறு பக்கத்துக்கு மேல இருக்குதுங்க. மாசக் கடைசிக்குள்ள பூராத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப்போட்டீங்கன்னா, உங்களை அந்த செக்சன்லயே போட்டர்றேன். இல்லீன்னா நாப்பத்தேழு வயசுல உங்களை நான் எங்கீங்க கொண்டு போய் வெக்கறது?"

"செஞ்சுபோடலாமுங்க" என்றீர்கள். அப்போதே என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வாத்தியார் வேலைக்கா நான் வந்தேன் என்று நினைத்தேன்.

முதல் நாள் நீங்கள் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சுவரோரம் நேராக வைத்து, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். ஸ்டோர்ஸ் கிளார்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்ணா, டைப்பிஸ்ட்டு ஏசி ரூமுக்குக் குடி வந்துட்டாப்ல?" என்றார். "ஆமாங்க, கோயலுக்கு வந்தாப்ல இருக்குது. தேங்கா பழந்தான் பாக்கி" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

அதில் எழுத்தடிக்க இருந்த வி.ஐ. என்கிற எடிட்டர் ப்ரோகிராமில் மௌஸ் கிடையாது, மெனு கிடையாது. எல்லாம் விசைதான். ஒரே விசைக்கு இரண்டு வேலை. ஒரு நிலையில் அடித்தால் எழுத்து விழும். இன்னொரு நிலையில் அதே எழுத்து கட்டளை; ஒரு வரியை அழிக்கும், இரண்டு வரியை ஒட்டும், எங்கேயோ தூக்கிக்கொண்டு போகும். முதலில் ஐ என்ற எழுத்தை அடித்தால்தான் எழுத ஆரம்பிக்கலாம். எஸ்கேப் விசையைத் தட்டினால் மறுபடி கட்டளை நிலை. இதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதுங்களா?" என்றேன். "புரிஞ்சுதுங்க தம்பி" என்றீர்கள். யாராவது அப்படிக் கேட்டால் நீங்கள் வேறு எதுவும் சொல்லமாட்டீர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

லிஸ்டை இடது பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டீர்கள். பத்து விரலும் இறங்கின. அந்த மாதிரி வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஆனால் ஐ அடிக்கவில்லை. உங்கள் கண் லிஸ்டில் இருந்தது, திரையில் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகப் போய்த் திரையைக் கலைத்தது. மெஷின் புரியாமல் பீப், பீப் என்று கத்தியது. அது கத்தக் கத்த நீங்கள் என்டரை அடித்துக்கொண்டே போனீர்கள்.

"ஏனுங்ணா, அது கத்துதுல்ல? எதுக்கு என்டர் அடிக்கறீங்க?"

"மணி அடிச்சா வரி முடியப் போகுதுன்னு அர்த்தமுங்க தம்பி. அடுத்த வரிக்குப் போயரோணும்."

"அது உங்க மெஷின்ல. இங்க மணி அடிச்சா தப்புன்னு அர்த்தம். ஸ்கிரீனைப் பாத்து அடிக்க மாட்டீங்களா?"

"ஸ்கிரீனைப் பாத்தா காப்பியை ஆருங்க தம்பி பாக்கறது?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டீர்கள். நல்ல டைப்பிஸ்ட் காப்பித் தாளைத்தான் பார்க்க வேண்டும், தான் அடிப்பதைப் பார்க்கக் கூடாது என்று இருபத்தைந்து வருஷம் பழகிய ஆள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் பார்த்தீர்கள்.

பிற்பகலுக்குள் ஐ அடிப்பது கைக்கு வந்துவிட்டது. லிஸ்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபைல் வைத்தேன். பேஜ் 1, பேஜ் 2 என்று பெயர். சேமிப்பதை உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. "அது இப்ப வேண்டாம், நான் பாத்துக்கறேன். நீங்க அடிக்க மட்டும் பழகுங்க" என்றேன். நீங்கள் ஒரு பக்கம் முடித்ததும் உங்கள் தோளுக்கு மேல் கையை நீட்டி, கோலன், டபிள்யூ, க்யூ, என்டர் என்று தட்டிவிட்டு என் இடத்துக்குப் போய்விடுவேன். என் கை போன வேகத்தில் நீங்கள் என்ன பார்த்திருக்க முடியும்? திரை ஒரு தரம் துள்ளி, கீழே ஒரு வரி வரும். ஃபைல் பெயர், இத்தனை வரி, இத்தனை எழுத்து. அந்த வரி உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. "எத்தனை வரின்னு அதே எண்ணிச் சொல்லிப்போடுது பாருங்க. நாங்க ஸ்கேல் வெச்சு எண்ணோணும்."

இரண்டாம் நாள், எங்கேயோ தவறித் திரை மொத்தமும் குப்பையானது. அறையின் அந்தக் கோடியில் நான் ஒரு டெர்மினலைப் பிரித்துப் போட்டிருந்தேன். "தம்பி, இதுல இருந்து எப்படீங்க வெளிய வாரது?" என்றீர்கள். இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்!"

அடித்தீர்கள். வெளியே வந்துவிட்டீர்கள். "வந்துட்டனுங்க" என்று ஒரு சின்னச் சந்தோஷம். அப்புறம் கேட்டீர்கள்: "அந்த ஆச்சரியக்குறி எதுக்குங்க தம்பி?"

"அதையெல்லாம் கேட்டுட்டு இருந்தா ஆகாதுங்ணா. அடிச்சா வெளிய வந்துரும். அவ்வளவுதான்."

இப்போது சொல்கிறேன். டபிள்யூ என்றால் சேமி, க்யூ என்றால் வெளியே விடு. க்யூ மட்டும் அடித்தால் அந்த எடிட்டர் உங்களை விட்டிருக்காது. நீங்கள் அடித்ததை இன்னும் சேமிக்கவில்லை என்று சொல்லி நின்றிருக்கும். ஆச்சரியக்குறி சேர்த்தால், ஒன்றும் சொல்லாதே, இருப்பதைக் கொட்டிவிட்டு வெளியே விடு என்று அர்த்தம். குப்பையான திரைக்கு அது சரியான மருந்து. மற்ற எதற்கும் அது விஷம். இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பழைய மெஷினுக்குப் போய் அந்தச் சீட்டை அடித்தீர்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். ஒன்று, செருப்பைக் கழற்றவும். இரண்டு, வி.ஐ., பேஜ் எண், என்டர். மூன்று, ஐ அடித்துப் பிறகு தட்டச்சு. நான்கு, மணி அடித்தால் தவறு. ஐந்து, முடிக்க: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்.

'முடிக்க' என்று போட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதைத்தான் போட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாளில் பதினெட்டுப் பக்கம் ஏறிவிட்டது. நாலாம் நாள் என்னைக் கிணத்துக்கடவு ஃபவுண்டரி யூனிட்டுக்கு கேபிள் போட அனுப்பினார்கள். எட்டு நாள் வேலை. "நீங்க பாட்டுக்கு அடிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பக்கத்தை முடித்த பின் என்ன செய்யவேண்டும் என்று சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று இப்போது தெரிகிறது. டைப்ரைட்டரில் ஒரு தாள் முடிந்தால் உருவி ட்ரேயில் வைப்பீர்கள். ரோலரில் அடுத்த வெள்ளைத் தாள். போன தாளை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. க்யூ அடித்தால் தாளை உருவுகிறோம், தாள் மெஷினுக்குள் எங்கேயோ ட்ரேயில் அடுக்கிக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். அடுத்தது பேஜ் 20, வெள்ளைத் திரை. உங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. நான் போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஃபவுண்டரிக்குப் போன் செய்தீர்கள். பின்னால் மோல்டிங் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"தம்பி, அந்தக் கடைசி வரி வரமாட்டீங்குதுங்க."

"எந்த வரிங்க?"

"முடிச்சா கீழ வருமுங்களே, எத்தனை வரின்னு. நீங்க இருந்தப்ப வந்துச்சுங்க."

"அது வந்தா என்ன, வராட்டி என்னங்ணா? பக்கத்தை முடிங்க. நான் இங்க செத்துட்டிருக்கேன்."

"செரிங்க தம்பி. வெச்சர்றனுங்க."

நான் அதற்கு முன்பே வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த காலையில் மேனேஜரும் கூடவே அறைக்கு வந்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் ஃபைல்களைப் பட்டியல் போட்டேன். பேஜ் 1 முதல் பேஜ் 18 வரை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடைசியாக மாறிய தேதி, நான் ஃபவுண்டரிக்குப் போவதற்கு முந்தின நாள்.

"ஏனுங்க, எட்டு நாளா ஏசி ரூம்ல உக்காந்துட்டு என்ன பண்ணுனீங்க?" என்றார் மேனேஜர்.

"அடிச்சனுங்க சார். அம்பத்தொம்பது வரைக்கும் அடிச்சாச்சுங்க."

"அப்ப எங்கீங்க அது? காத்துல கரைஞ்சு போச்சுங்களா?"

"இதுக்குள்ளதானுங்க இருக்கோணும்." டெர்மினலைத் தொட்டுக் காட்டினீர்கள். பிறகு என்னிடம், "கொஞ்சம் நல்லாப் பாருங்க தம்பி" என்றீர்கள்.

நான் நல்லாப் பார்க்கவில்லை. மேனேஜர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் இரண்டு மாதத்தில் என் வேலை உறுதியாக வேண்டும். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க சார்" என்றேன். "அடிச்சிருந்தா இருக்கும்."

நீங்கள் லிஸ்டை அடுக்கி மேஜையில் வைத்தீர்கள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். ஒரு செருப்பின் வார் மடங்கிக்கொண்டது. குனிந்து அதைச் சரிசெய்ய உங்களுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்த வாரமே உங்கள் கணக்கு முடிந்தது. மீதி லிஸ்டை என்னையே அடிக்கச் சொன்னார்கள். எடுத்துப் பிரித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு டிக். இருபதில் ஒரு டிக். ஐம்பத்தொன்பது வரை ஒவ்வொரு மூலையிலும் டிக். அறுபதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு இந்தச் சீட்டு.

ஐந்தாவது வரியைப் படித்ததும் புரிந்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம். நீங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தவறில்லாமல் அடித்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றையும் நான் சொல்லிக்கொடுத்தபடி அழித்திருக்கிறீர்கள். மேனேஜர் அறை பதினைந்து அடி தூரம். சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்பத்தொரு பக்கத்தை நான் அடிக்கப் பதினேழு நாள் ஆயிற்று.

நாலு மாதம் கழித்து உங்களைத் தேடி வந்தேன். எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. அதற்கு அப்புறம்தான் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் பத்திர ஆபீசுக்கு எதிரில், புளிய மரத்தடியில் மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டீர்கள்.

"வாங்க தம்பி, வாங்க. சாப்புட்டீங்களா?"

ஸ்டூலைத் துடைத்துப் போட்டீர்கள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். டபிள்யூ என்கிற ஓர் எழுத்து, அது இல்லாததால் எல்லாம் போனது, சொல்லாதது நான். நீங்கள் ரோலரில் இருந்த தாளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் அடிச்சது நெசந்தானுங்களே?" என்றீர்கள்.

"நெசந்தாங்ணா."

"எனக்கே சந்தேகம் வந்துபோச்சுங்க தம்பி. தூங்கிக் கீங்கிப் போட்டமான்னு."

"வேலை கெடக்குட்டுங்க. நான் அடிச்சது நெசம்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. மேனேஜருக்கு வேண்டாம். என்ற பொண்ணுகிட்டக் காட்டோணும்" என்றீர்கள். உங்கள் தெருக்காரர் ஒருவர் எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். அப்பன் எட்டு நாள் ஏசியில் சும்மா உட்கார்ந்து ஏமாற்றினார் என்று உங்கள் ஊர் காரமடை வரைக்கும் பேச்சு வந்திருந்தது. "அவ ஒண்ணுங் கேக்கறதில்லீங்க. கேட்டாலாவது பரவால்லை."

சொல்லிக்கொண்டே அடித்துக்கொண்டிருந்த மனுவை உருவி வைத்துவிட்டு, கார்பன் வைத்துப் புதுத் தாள் சொருகினீர்கள். "நீங்க சொல்லுங்க, நானே அடிச்சர்றேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

கையெழுத்துப் போட்ட காகிதம் உங்கள் வீட்டிலிருந்து அந்தத் தெருக்காரர் கைக்குப் போகும், அங்கிருந்து மேனேஜர் மேஜைக்குப் போகும். அதுதான் என் புத்தியில் ஓடியது. "இப்படி வேண்டாங்ணா. நல்ல பேப்பர்ல பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டாரேன்" என்றேன்.

நீங்கள் கார்பனைக் கசங்காமல் உருவி ஃபைலுக்குள் வைத்தீர்கள். "செரிங்க தம்பி. வாரப்பக் கொண்டாங்க."

அடுத்த வாரம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டோர்ஸில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்: டைப்பிஸ்ட் போயிட்டாப்ல, நெஞ்சு வலியாம், மெஷின் முன்னாடியே சாஞ்சுட்டாராம்.

அன்று அந்தக் கடிதத்தை அடிக்க எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவுதான் வேலை.

காரமடையில் உங்கள் வீட்டு வாசலில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை. உங்கள் மகள்தான் வெளியே வந்தாள். காலேஜ் முதல் வருஷமாம். யார் என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தாள்.

"இது உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"அப்பா வேலையை விட்ட அடுத்த வாரமே தெரியும், அம்மணி."

தலையை ஆட்டினாள். கடிதத்தை மடித்தாள். "அப்பா சொன்னாருங்க, அந்தத் தம்பி லெட்டர் கொண்டாருவாருன்னு. நாளும் சொல்லுவாரு. போஸ்ட்மேன் வாரப்பயெல்லாம் எந்திரிச்சுப் பாப்பாரு." மடித்த கடிதத்தை இன்னொரு தரம் மடித்தாள். "அதையும் நாங்க நம்பலீங்க."

உள்ளே போய்விட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் வந்தவரை நிற்க வைத்து அனுப்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மேனேஜரிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, "ஆளே போயாச்சு, இப்ப எதுக்குப்பா இதெல்லாம்?" என்று இழுப்பறைக்குள் போட்டார். என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வி.ஐ. சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஐ சொல்வதற்கு முன்னால் டபிள்யூ சொல்லிவிடுகிறேன். கீழே வரும் வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பையன், "இதை எத்தனை தடவைங்க சார் படிக்கறது?" என்று சலித்துக்கொண்டான். என் குரல் மாதிரியே இருந்தது. "புரிஞ்சுதா?" என்று நான் யாரையும் கேட்பதில்லை. செய்து காட்டச் சொல்கிறேன். ஆச்சரியக்குறிக்கு அர்த்தம் கேட்டால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். குரல் மட்டும் இன்னும் சில சமயம் உயர்ந்துவிடுகிறது.

சீட்டைக் காயவைத்து மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன். ஐந்தாவது வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. பேனாவை எடுத்தேன். அது உங்கள் சீட்டு, எழுதவில்லை.

இதை நீங்கள் உட்கார்ந்த டெர்மினலில்தான், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன். லிஸ்ட் இருக்கும் இடத்தில் இல்லை, தனியாக ஒரு ஃபைல்; அதற்கும் பேஜ் 19 என்று பெயர் வைத்தேன். எஸ்கேப், கோலன், டபிள்யூ, என்டர்.

கீழே அந்தக் கடைசி வரி வருகிறது, அண்ணா.